டெஸ்ட்ரக்டர் எக்செப்ஷன் எறியும்போது கம்பைலர் உண்மையில் எதைச் சரிபார்க்கிறது?

கேள்வி

வணக்கம். சி++17-இல் எழுதிவரும் ஒரு நிரலில், பதிவுகளை முதலில் நினைவகத்தில் சேர்த்துவைத்துப் பிறகு மொத்தமாகக் கோப்பில் எழுதும் வகுப்பு ஒன்று இருக்கிறது. இங்கே அதைப் 'பதிவெழுதி' என்றே குறிப்பிடுகிறேன். அதன் டெஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்), எழுதப்படாமல் மிச்சமிருக்கும் பதிவுகளைக் கோப்பில் எழுத முயல்கிறது. வட்டில் இடம் இல்லையென்றால் எக்செப்ஷன் (பிழையை அழைத்தவருக்குத் தெரிவிக்கும் குறி) எறிகிறது. சி++11 முதல் டெஸ்ட்ரக்டர்கள் தாமாகவே நோஎக்செப்ட், அதாவது எக்செப்ஷன் எறியாதவை, ஆகிவிடுகின்றன என்பது தெரிந்ததால், அதை நோஎக்செப்ட்(ஃபால்ஸ்), அதாவது எறியக்கூடியது, என்று வெளிப்படையாகவே குறித்திருக்கிறேன்.

இதை மூன்று விதமாகப் பயன்படுத்திப் பார்த்தபோது மூன்று விதமான விளைவுகள் கிடைத்தன. ஒரு ஃபங்ஷனுக்குள் சாதாரண உள்மாறியாக வைத்தால், அடைப்புக்குறி முடியும் இடத்தில் எறியப்படும் எக்செப்ஷன், அழைத்தவரின் கேட்ச் பகுதிக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. அதே பதிவெழுதியை ஒரு வெக்டருக்குள் (உறுப்புகளை வரிசையாகச் சேர்த்துவைக்கும் கொள்கலன்) வைத்தால், அந்த நேரத்தில் வேறெந்த எக்செப்ஷனும் பறந்துகொண்டிருக்காத நிலையிலும், வெக்டர் அழியும்போது நிரல் டெர்மினேட் ஆகி நின்றுவிடுகிறது. கம்பைல் செய்யும்போது எச்சரிக்கை ஒன்றுகூட வரவில்லை. மூன்றாவதாக, விர்ச்சுவல் டெஸ்ட்ரக்டர் உள்ள 'வெளியீடு' என்ற அடிப்படை வகுப்பிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து, அதற்குள் பதிவெழுதியை உறுப்பாக வைத்தேன். டெஸ்ட்ரக்டர் என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும், எக்செப்ஷன் குறிப்பு தளர்வாக உள்ளது என்று கூறி என் கம்பைலரான ஜிசிசி கம்பைல் செய்யவே மறுத்துவிட்டது.

ஓர் இடத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் கம்பைலர், இன்னோர் இடத்தில் ஏன் வாய் திறப்பதில்லை? அடிப்படை உத்தரவாதம், வலுவான உத்தரவாதம் என்றெல்லாம் நாம் பேசுகிறோமே, அவற்றை அது சரிபார்க்கிறதா? சரிபார்க்கிறது என்றால் எந்தக் கட்டத்தில், எதைக் கொண்டு?

மறுமொழி 1

மூன்று விளைவுகளுக்கும் ஒரே விளக்கம் போதும். எக்செப்ஷன் பாதுகாப்பு உத்தரவாதம் எதையும் கம்பைலர் சரிபார்ப்பதில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனின் அறிவிப்பிலும் 'எறியும்', 'எறியாது' என்று ஒரே ஒரு பிட் இருக்கிறது. அந்த பிட்டுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிகிறது. ஃபங்ஷனின் உடலுக்குள் நடப்பது அந்த பிட்டுக்குப் பொருந்துகிறதா என்பதை நிரல் ஓடும் நேரத்துக்கு ஒத்திவைத்துவிடுகிறது. அங்கே பொருந்தாவிட்டால் கிடைக்கும் ஒரே பதில் டெர்மினேட்.

நாம் பேசும் மூன்று உத்தரவாதங்களும் டேவிட் ஏப்ரகாம்ஸ் எஸ்டிஎல் எனும் சி++ கொள்கலன் நூலகத்துக்காக 1990-களில் வகுத்தவை. அடிப்படை உத்தரவாதம் என்றால், எக்செப்ஷன் வந்தபின்பும் ஆப்ஜெக்ட் செல்லத்தக்க நிலையில் இருக்கும், எதுவும் கசியாது. வலுவான உத்தரவாதம் என்றால், செயல் முழுமையாக நிறைவேறும். இல்லையெனில் தொடங்கியதற்கு முந்தைய நிலையே நீடிக்கும். மூன்றாவது, எறியவே எறியாது என்பது. இவற்றுள் மூன்றாவதை மட்டுமே ஓர் அறிவிப்பில் எழுத முடியும். முதல் இரண்டும் ஆப்ஜெக்ட்டின் நிலையைப் பற்றியவை. 'செல்லத்தக்க நிலை' எது என்பதை அந்த வகுப்பை எழுதியவர்தான் அறிவார், அதை எழுதிக்காட்ட மொழியில் இடமே இல்லை. எழுத இடமில்லாத ஒன்றைக் கம்பைலர் எப்படிச் சரிபார்க்கும்?

இனித் தங்கள் மூன்று நிகழ்வுகளுக்கு வருகிறேன். டெஸ்ட்ரக்டருக்கு நாம் எக்செப்ஷன் குறிப்பு எழுதாவிட்டால், கம்பைலர் தானே ஒன்றை வருவிக்கிறது. எல்லா உறுப்புகளின், எல்லா அடிப்படை வகுப்புகளின் டெஸ்ட்ரக்டர்களும் எறியாதவை என்றால் இதுவும் எறியாதது, அவற்றுள் ஒன்றாவது நோஎக்செப்ட்(ஃபால்ஸ்) என்றால் இதுவும் அப்படியே. தங்கள் மூன்றாவது நிகழ்வு இதுதான். பதிவெழுதி உறுப்பாக இருப்பதால் வருவித்த வகுப்பின் டெஸ்ட்ரக்டர் 'எறியும்' வகையாக ஆகிவிட்டது. அடிப்படை வகுப்பான வெளியீட்டின் விர்ச்சுவல் டெஸ்ட்ரக்டரோ 'எறியாது' என்று வாக்குக் கொடுத்திருக்கிறது. மேலெழுதும் ஃபங்ஷன் அடிப்படையில் உள்ளதைவிடத் தளர்வான வாக்கைத் தரக்கூடாது என்பது மொழியின் விதி. இரண்டு அறிவிப்புகளும் கண்முன்னே இருக்கின்றன, முரண் வெளிப்படையாகத் தெரிகிறது, ஆகவே பிழை. சி++98 காலத்தில் ஸ்டட்::எக்செப்ஷனிலிருந்து சொந்தமாக ஒரு வகுப்பை வருவித்து அதற்குள் ஒரு ஸ்ட்ரிங்கை வைத்தவர்கள் இதே பிழையில் மாட்டிக்கொண்டு, காரணம் புரியாமலேயே காலியான டெஸ்ட்ரக்டர் ஒன்றுக்கு த்ரோ() என்று போட்டுத் தப்பியது பழைய நிரலாளர்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது நிகழ்வில் இந்த வருவிப்பு வெக்டரைச் சென்றடையவில்லை. வெக்டருக்குள் பதிவெழுதி உறுப்பாக இல்லை. அதற்குள் இருப்பவை சில பாயின்டர்கள் மட்டுமே. பாயின்டரை அழிப்பதில் எறிய ஒன்றும் இல்லை, ஆகவே வெக்டரின் டெஸ்ட்ரக்டர் நோஎக்செப்ட். அந்த டெஸ்ட்ரக்டரின் உடலுக்குள் ஒவ்வொரு பதிவெழுதியாக அழிக்கப்படும்போது எறியப்படும் எக்செப்ஷன், நோஎக்செப்ட் என்ற சுவரில் மோதி டெர்மினேட் ஆகிறது. ஓர் ஆப்ஜெக்ட்டைத் தனியே சொந்தம் கொண்டு அழிக்கும் யூனிக்_பாயின்டரிலும் இதே கதைதான். உறுப்பாக உள்ளடக்கியிருந்தால் வருவிப்பு பரவும். பாயின்டர் வழியாகச் சொந்தம் கொண்டாடினால் பரவாது. உறுப்புகளைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஸ்டட்::அர்ரேயில் பதிவெழுதியை வைத்துப் பாருங்கள். அது 'எறியும்' வகையாகவே இருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எறியும் டெஸ்ட்ரக்டர் கொண்ட வகைகளைத் தரநிலை நூலகத்தின் கொள்கலன்களில் வைப்பதையே தரநிலை ஏற்பதில்லை, டெஸ்ட்ரக்டரிலிருந்து எக்செப்ஷன் வெளியேறினால் விளைவு வரையறுக்கப்படாதது. தங்களுக்கு டெர்மினேட் கிடைத்ததை நல்லூழ் என்றே கொள்ளுங்கள்.

உடலைப் பார்த்துச் சரிபார்க்கும் யோசனை இல்லாமல் இல்லை. டக்ளஸ் கிரெகரும் டேவிட் ஏப்ரகாம்ஸும் 2009-இல் நோஎக்செப்டை முன்மொழிந்தபோது, கம்பைல் நேரத்திலேயே உடலைச் சோதித்துப் பிழை சொல்லும் வடிவத்தைத்தான் முன்வைத்தார்கள். பிறகு அது கைவிடப்பட்டது. நோஎக்செப்ட் என்று குறிக்கப்படாத கோடிக்கணக்கான வரிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. அவற்றுள் எதை அழைத்தாலும் சுற்றி ஒரு ட்ரை பகுதி எழுத வேண்டும் என்றால் யாரும் நோஎக்செப்டைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு எச்சரிக்கைகளைப் பற்றியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோஎக்செப்ட் டெஸ்ட்ரக்டருக்குள் த்ரோ என்ற சொல்லை நேரடியாக எழுதினால், ஜிசிசி 6 முதல் 'இது எப்போதும் டெர்மினேட்டையே அழைக்கும்' என்று எச்சரிக்கிறது. இன்னொரு கம்பைலரான கிளாங்கும் இவ்வகை எச்சரிக்கை தருகிறது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அது சி4297 என்ற எண்ணில் வரும். ஆனால் அந்த த்ரோவை இன்னொரு ஃபங்ஷனுக்குள் தள்ளிவிட்டால் இம்மூன்றும் பெரும்பாலும் மௌனமாகிவிடும். கிளாங்கின் குறியீட்டு ஆய்வுக் கருவியான கிளாங்-டைடியில் எக்செப்ஷன் தப்பிச்செல்வதைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அது அழைக்கப்படும் ஃபங்ஷன்களுக்குள்ளும் புகுந்து தேடுகிறது. எனினும், உடல் வேறொரு கோப்பில் இருந்தால் அதற்குத் தெரியாது; தெரியாதவற்றை அது இயல்பாக எறியாதவையாகவே விட்டுவிடுகிறது.

இதற்கு நேரெதிரான வேடிக்கை ஒன்றும் இருக்கிறது. ஜிசிசியின் ஆப்டிமைசர், கண்முன் இருக்கும் ஒரு ஃபங்ஷன் எறியாது என்பதைத் தானே கண்டுபிடித்து, அதற்கேற்பக் குறியீட்டைச் சுருக்கும். கிளாங்குக்குப் பின்னால் இருக்கும் எல்எல்விஎம்மும் அப்படியே. ஆயினும் அந்த அறிவை, ஒரு கோவை எறியுமா என்று கேட்கும் நோஎக்செப்ட் என்ற ஆபரேட்டரின் விடையில் அது காட்டக்கூடாது. காட்டினால், ஒரே நிரலின் பொருள் ஆப்டிமைசேஷன் அளவுக்குத் தகுந்தபடி மாறிவிடும். 'எறியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் அறிவிப்பில் இல்லாததால் எறியும் என்றே கொள்கிறேன்' என்று சொல்லுவதற்கென்றே ஜிசிசியில் டபிள்யூ-நோஎக்செப்ட் என்ற எச்சரிக்கை தனியாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஸ்டட்::அர்ரேயில் வைத்துப் பார்த்தேன். சொன்னபடியே எக்செப்ஷன் வெளியே வந்தது. உள்ளடக்குதல், சொந்தம் கொண்டாடுதல் என்ற வேறுபாடு இவ்வளவு காலமாக என் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு குழப்பம். 'அறிக்கை' என்று நகல் எடுக்கத்தக்க வேறொரு வகுப்பும் இருக்கிறது. அதன் மூவ் கன்ஸ்ட்ரக்டரை (உள்ளடக்கத்தை நகலெடுக்காமல் புதிய ஆப்ஜெக்ட்டுக்கு மாற்றுவது) நோஎக்செப்ட் என்று நானே குறித்திருக்கிறேன்; டெஸ்ட்ரக்டர் மட்டும் நோஎக்செப்ட்(ஃபால்ஸ்). வெக்டர் வளரும்போது இந்த அறிக்கைகளை நகர்த்தாமல் ஒவ்வொன்றாக நகலெடுக்கிறது. டெஸ்ட்ரக்டரில் இருந்த நோஎக்செப்ட்(ஃபால்ஸ்) குறிப்பை நீக்கினால் நகர்த்தத் தொடங்குகிறது. மூவ் கன்ஸ்ட்ரக்டரைப் பற்றிய முடிவில் டெஸ்ட்ரக்டர் எதற்காகத் தலையிடுகிறது?

மறுமொழி 3

இந்த இடத்தில்தான் அந்த ஒற்றை பிட் வலுவான உத்தரவாதத்தோடு உண்மையிலேயே கைகோக்கிறது. வெக்டரின் இறுதியில் உறுப்பைச் சேர்க்கும் புஷ்_பேக் வலுவான உத்தரவாதம் தர வேண்டியது. இடம் போதாமல் புதிய இடத்துக்கு மாறும்போது பழைய உறுப்புகளை நகர்த்தத் தொடங்கி, பாதி வழியில் ஒரு மூவ் கன்ஸ்ட்ரக்டர் எறிந்துவிட்டால், முன்பாதி ஏற்கெனவே காலியாகிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. நகலெடுத்தால் பழையவை தொடப்படாமல் இருக்கும். புதிய இடத்தைத் தூக்கி எறிந்துவிட்டால் போதும். ஆகவே மூவ்_இஃப்_நோஎக்செப்ட் என்ற ஏற்பாட்டின்படி, மூவ் கன்ஸ்ட்ரக்டர் எறியாது என்று அறிவிக்கப்பட்டிருந்தால் நகர்த்தும், இல்லையென்றால் நகலெடுக்கும். நகலெடுக்கவே முடியாத வகை என்றால் வேறு வழியின்றி நகர்த்தும். அப்போது மூவ் கன்ஸ்ட்ரக்டர் எறிந்தால் வலுவான உத்தரவாதம் கிடையாது.

'எறியாது' என்பதை நூலகம் எப்படிக் கேட்டறிகிறது என்பதில்தான் தங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பல செயலாக்கங்களில் அந்தக் கேள்வி, 'இந்த வகையில் ஒரு தற்காலிக ஆப்ஜெக்ட்டை நகர்த்தி உருவாக்கும் கோவை எறியாததா?' என்ற வடிவத்தில் கேட்கப்படுகிறது. தற்காலிக ஆப்ஜெக்ட் உருவானால் அது அழியவும் வேண்டும். ஆகவே டெஸ்ட்ரக்டரின் வாக்கும் அந்த விடைக்குள் கலந்துவிடுகிறது. இது சி++ தரநிலையின் நூலகக் குழுவின் 2116 என்ற எண்ணுள்ள விவாதப் பொருளாகப் பதிவாகியிருக்கிறது. தற்செயலாக நேர்ந்த கலப்பு என்று இதைச் சிலர் குறைசொல்வார்கள். எனக்கு அது சரியான விளைவாகவே தோன்றுகிறது. நகர்த்தி முடித்தபின் பழைய இடத்தில் காலியாகக் கிடக்கும் உறுப்புகளையும் அழிக்கத்தானே வேண்டும்?

இதைவிட எனக்குக் கவலை தரும் இடம் வேறு. தங்கள் வகுப்புகளில் காப்பி-அண்ட்-ஸ்வாப் முறையில் எழுதிய அசைன்மென்ட் ஆபரேட்டர் இருந்தால் அதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் புதிய மதிப்பை நகலெடுக்கிறோம். எறிவதென்றால் இங்கேயே எறிந்துவிடட்டும், நம் நிலை கெடாது. பிறகு எறியாத ஸ்வாப். அதன்பின் பழைய மதிப்பைத் தாங்கிய உள்மாறி அடைப்புக்குறி முடியும் இடத்தில் அழிகிறது. அந்த டெஸ்ட்ரக்டர் எறிந்தால் என்ன ஆகும்? ஸ்வாப் முடிந்துவிட்டது, ஆப்ஜெக்ட் புதிய மதிப்பை ஏற்றுவிட்டது. ஆனால் அழைத்தவருக்கோ 'தோற்றுவிட்டது' என்று எக்செப்ஷன் போகிறது. வலுவான உத்தரவாதத்துக்குப் பாடநூல் உதாரணமாகக் காட்டப்படும் அதே நான்கு வரிகள், ஓர் எழுத்துகூட மாறாமல், அந்த உத்தரவாதத்தை இழந்துவிடுகின்றன. இதற்கு எந்தக் கம்பைலரும் எச்சரிக்கை தராது, ஏனென்றால் எந்த அறிவிப்பும் எந்த அறிவிப்போடும் முரண்படவில்லை.

பழைய நிலைக்குத் திரும்புதல் என்று நாம் எழுதும் எதுவும் கடைசியில் ஏதோ ஒரு டெஸ்ட்ரக்டரின் மேல்தான் நிற்கிறது. அது எறியும் என்றால் திரும்பும் பாதையே உடைகிறது. ஆகவே டெம்ப்ளேட்டுகளில், தாங்கள் ஏற்கும் வகை எறியாமல் அழியக்கூடியதா என்பதை ஈஸ்_நோத்ரோ_டெஸ்ட்ரக்டிபிள் என்ற சோதனையை ஸ்டாடிக்_அசர்ட்டுக்குள் வைத்துத் தாங்களே கேட்டுவிடுங்கள். கம்பைலர் தானாகக் கேட்காது. கேட்கச் சொன்னால் தவறாமல் கேட்கும்.

மறுமொழி 4

குறியீடு உருவாகும் இடத்திலிருந்து பார்த்தாலும் இதே பிட்தான் தெரிகிறது. லினக்ஸில் ஜிசிசியும் கிளாங்கும் பின்பற்றும் இட்டானியம் ஏபிஐ எனும் இயந்திரக்குறியீட்டு ஒப்பந்த முறையில், எக்செப்ஷன் வரக்கூடிய ஒவ்வோர் அழைப்புக்கும் 'வந்தால் எங்கே போக வேண்டும்' என்ற குறிப்பு ஓர் அட்டவணையில் எழுதப்படுகிறது. அங்கே போனால் உள்மாறிகளை அழிக்கும் லேண்டிங் பேட் இருக்கும். அந்த லேண்டிங் பேடுக்குள் அழைக்கப்படும் டெஸ்ட்ரக்டர் நோஎக்செப்ட் என்றால், அது சாதாரண அழைப்பு. நோஎக்செப்ட்(ஃபால்ஸ்) என்றால், 'ஸ்டேக்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது (எக்செப்ஷன் பறக்கும் வழியில் உள்மாறிகளை அழித்துக்கொண்டிருக்கும்போது) டெஸ்ட்ரக்டரிலிருந்து எக்செப்ஷன் வெளியேறினால் டெர்மினேட்' என்ற விதியை நிறைவேற்ற, அந்த அழைப்பைச் சுற்றி இன்னொரு காவலையும் கம்பைலர் அமைக்க வேண்டும். கிளாங்கின் இடைநிலைக் குறியீட்டைப் பார்த்தால், டெர்மினேட்டை அழைப்பதற்காகவே உருவாக்கப்பட்ட சிறிய ஃபங்ஷன் ஒன்று கண்ணில் படும்.

இன்னொரு பக்கம், வேறு எக்செப்ஷன் எதுவும் இல்லாத இயல்பான பாதையில் டெஸ்ட்ரக்டர் எறிந்தால், மொழி மிகுந்த அக்கறையோடு நடந்துகொள்கிறது. ஓர் உறுப்பின் டெஸ்ட்ரக்டர் எறிந்தாலும் மற்ற உறுப்புகளும் அடிப்படை வகுப்புகளும் அழிக்கப்படும். டிலீட் செய்யும்போது டெஸ்ட்ரக்டர் எறிந்தாலும் நினைவகம் திருப்பிக் கொடுக்கப்படும். ஒரு ஃபங்ஷன் தன் விடையை உருவாக்கி முடித்தபின் அதன் உள்மாறி ஒன்றின் டெஸ்ட்ரக்டர் எறிந்தால், அந்த விடையும் அழிக்கப்பட வேண்டும்.

இந்தக் கடைசி விதியைக் கம்பைலர்களே நெடுங்காலம் சரியாகச் செய்யவில்லை. ஜிசிசியில் 33799 என்ற எண்ணில் 2007-இல் பதிவான வழு இதைப் பற்றியதுதான். பல ஆண்டுகள் திறந்தே கிடந்தது. அதாவது எறியும் டெஸ்ட்ரக்டரை எழுதுபவர், கம்பைலர் எழுதுபவர்களே அதிகம் நடந்துபார்க்காத பாதையில் நடக்கிறார்.

மறுமொழி 5

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவைக்கிறேன். டெஸ்ட்ரக்டர் எறியக்கூடாது என்பது இன்று கேள்வி கேட்காமல் ஒப்பிக்கும் மந்திரமாகிவிட்டது. ஆனால் கேள்வி கேட்டவரின் பதிவெழுதி எழுத முடியாமற்போவது ஒரு தரவிழப்பு. தரநிலை நூலகத்தின் கோப்பு வகுப்பான ஃபைல்பஃப் தன் டெஸ்ட்ரக்டரில் கோப்பை மூடும்போது வரும் எக்செப்ஷனை விழுங்கிவிடுகிறது. வெளிப்படையாக மூடாத நிரலாளருக்கு, கடைசிச் சில வரிகள் கோப்பில் இல்லை என்பதே தெரியாது. சத்தமில்லாமல் தரவை இழப்பதைவிட எறிவது மேல் என்று ஒருவர் நினைத்தால் அதில் தவறு என்ன?

இதற்கான கருவியும் இருக்கிறது. சி++17-இல் வந்த அன்காட்_எக்செப்ஷன்ஸ், இன்னும் பிடிபடாமல் பறந்துகொண்டிருக்கும் எக்செப்ஷன்களின் எண்ணிக்கையைத் தருகிறது. கன்ஸ்ட்ரக்டரில் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, டெஸ்ட்ரக்டரில் ஒப்பிட்டு, கூடியிருந்தால் எறியாமல் விட்டுவிடலாம், கூடவில்லையென்றால் எறியலாம். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லிவந்த பழைய ஒருமை வடிவம் இதற்குப் போதாமல்தான் சி++20-இல் நீக்கப்பட்டது. நூலக அடிப்படைகளுக்கான தொழில்நுட்பக் குறிப்பின் மூன்றாம் பதிப்பில் இருக்கும் ஸ்கோப்_சக்சஸ் (எக்செப்ஷன் இல்லாமல் வெளியேறும்போது மட்டும் ஒரு செயலைச் செய்வது) இதே முறையில், தேவைப்பட்டால் எறியும் டெஸ்ட்ரக்டரோடுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. உள்மாறியாக மட்டுமே பயன்படுத்துவேன் என்ற ஒழுங்கு இருந்தால் போதும். வகுப்புக்குள், நினைவகம் ஒதுக்கும் ஆபரேட்டர் நியூவை நீக்கிவிட்டால் அந்த ஒழுங்கைக் கம்பைலரே காக்கும்.

மறுமொழி 3 எழுதியவர்

அன்காட்_எக்செப்ஷன்ஸ் பற்றிச் சொன்னது சரியே. உள்மாறிக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஸ்கோப்_சக்சஸ் போன்றதை நானும் மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரி சரியில்லை. வகுப்பின் ஆபரேட்டர் நியூவை நீக்குவது யூனிக்_பாயின்டரை உருவாக்கும் மேக்_யூனிக்கைத் தடுக்கும், வெக்டரைத் தடுக்காது. வெக்டர் தன் நினைவகத்தை அலோகேட்டரிடம் பெற்று, பொதுவெளியில் உள்ள பிளேஸ்மென்ட் நியூவைக் கொண்டு உறுப்பை உருவாக்குகிறது. வகுப்புக்குள் நீக்கிவைத்ததை அது எட்டிப்பார்ப்பதே இல்லை. நகலையும் நகர்த்தலையும் நீக்கினால் புஷ்_பேக், எம்ப்ளேஸ்_பேக் இரண்டும் கம்பைல் ஆகா. ஆனால் லிஸ்டின் எம்ப்ளேஸ்_பேக் அப்போதும் ஏற்றுக்கொள்ளும். உள்மாறியாக மட்டும் வைக்க வேண்டும் என்பதை முழுமையாகப் பூட்டக்கூடிய சாவி மொழியில் இல்லை.

இன்னொன்று, இந்த வாதத்தில் இரண்டு எக்செப்ஷன்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வருபவை என்ற ஊகம் ஒளிந்திருக்கிறது. வட்டில் இடம் தீர்ந்துபோன நாளில், பதிவு எழுதும்போது வரும் முதல் எக்செப்ஷனும், அதனால் ஸ்டேக் பிரியும்போது மிச்சத்தை எழுத முயலும் டெஸ்ட்ரக்டர் சந்திக்கும் தோல்வியும் ஒரே காரணத்தால் வருபவை. எண்ணிப் பார்த்து எறியாமல் விட்டால் டெர்மினேட் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் தரவு மிக அதிகமாகத் தொலையும் அந்த நாளில் டெஸ்ட்ரக்டர் மௌனமாகவே இருக்கும். விழுங்கும் டெஸ்ட்ரக்டரைக் குறைசொல்லித் தொடங்கிய வாதம் அங்கேயே வந்து நிற்கிறது.

கேள்வி கேட்டவர்

கடைசியில் டெஸ்ட்ரக்டரை நோஎக்செப்டாகவே விட்டுவிட்டேன். 'முடி' என்று தனி ஃபங்ஷன் ஒன்று எழுதி, மிச்சத்தை எழுதுவதும் தோற்றால் எறிவதும் அதன் பொறுப்பு என்று ஆக்கினேன். முடி அழைக்கப்படாமலேயே அழிந்தால், டெஸ்ட்ரக்டர் ஒருமுறை எழுத முயன்று, எந்த எக்செப்ஷன் வந்தாலும் கேட்ச்(...) மூலம் பிடித்து, பிழை வெளியீட்டில் ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடுகிறது. அன்காட்_எக்செப்ஷன்ஸையும் வீணாக்கவில்லை: எக்செப்ஷன் எதுவும் கூடாத நிலையில், முடி அழைக்கப்படாமல் டெஸ்ட்ரக்டர் ஓடினால், சோதனைக் கட்டமைப்பில் அசர்ட் விழும்படி வைத்திருக்கிறேன். முதல் நாளிலேயே ஓர் இடம் சிக்கியது. நடுவில் ரிட்டர்ன் செய்யும் ஒரு கிளையில் முடியை அழைக்க மறந்திருந்தேன். வெளியீட்டிலிருந்து வருவித்த வகுப்பும் இப்போது தானாகவே கம்பைல் ஆகிறது, அறிக்கைகளும் நகர்த்தப்படுகின்றன.

மறுமொழி 4 எழுதியவர்

ஒரே ஒரு திருத்தம் தேவைப்படலாம். தங்கள் நிரல் லினக்ஸில் இழைகளை (த்ரெட்களை) பீத்ரெட்_கேன்சல் மூலம் நிறுத்துகிறதா? குனு சி நூலகத்தில் இழையை ரத்துசெய்வது, ஸ்டேக்கை வலிந்து பிரிக்கும் ஒருவகை எக்செப்ஷனாகவே செயல்படுகிறது. கோப்பில் எழுதும் ரைட் ஃபங்ஷன் ரத்து நிகழக்கூடிய இடம் என்பதால், அந்நூலகத்தின் தலைப்புக்கோப்பில் அதற்கு 'எறியாது' என்ற குறிப்பை வேண்டுமென்றே போடாமல் விட்டிருக்கிறார்கள். தங்கள் டெஸ்ட்ரக்டர் ரைட்டில் இருக்கும்போது ரத்து வந்தால், கேட்ச்(...) அதையும் பிடிக்கும், பிடித்ததை மீண்டும் எறியாமல் விழுங்கினால், எக்செப்ஷன் மீண்டும் எறியப்படவில்லை என்ற செய்தியோடு நூலகமே நிரலை நிறுத்திவிடும். மீண்டும் எறிந்தாலோ நோஎக்செப்ட் சுவர் இருக்கிறது, டெர்மினேட்தான். அப்படி ரத்துசெய்யும் வழக்கம் இருந்தால், டெஸ்ட்ரக்டரின் தொடக்கத்தில் பீத்ரெட்_செட்கேன்சல்ஸ்டேட் மூலம் ரத்தைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு, எழுதி முடித்தபின் பழைய நிலையைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஓர் இழையை அப்படித்தான் நிறுத்துகிறோம். இன்றே சேர்த்துவிடுகிறேன், நன்றி.